கிருபைராஜ் பெயரில் ஒரு தபால் நிலையம்

சாகக் கிடந்த கணவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, உயிரோடு இருக்கும் ஒருவனிடம் பொய் சொன்ன பெண்ணை உண்மையானவள் என்று சொல்வதா, கூடாதா? ஞானமணியை அறிந்தவர்கள் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கும்படியான எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஐந்து வருடங்களாக அந்தக் கேள்வி மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் அவர் வீட்டுக் கராஜில், ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டிக்குள், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு அடியில் இருந்தது.

நாசரேத்தில் பிறந்தவர். நர்ஸ் படிப்பு முடித்து 1997இல் நியூ ஜெர்சிக்கு வந்து, அன்று முதல் டயாலிசிஸ் பிரிவிலேயே வேலை. ஊசி ஏற்றுவதில் அவருக்கு நல்ல கை. வலிக்குமா என்று நோயாளி கேட்டால் வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். இதற்காகவே அவரைக் கேட்டு வாங்கும் நோயாளிகள் இருந்தார்கள். இதற்காகவே அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள்.

கணவர் கிருபைராஜ், தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். கிரீன் கார்டு வந்ததும் தபால் துறைப் பரீட்சை எழுதித் தபால்காரர் ஆனார். ஹாலோவே கிராசிங் தபால் நிலையத்தில் வேலை. அவருக்குக் கிடைத்த பாதையில் முக்கால்வாசி, மேப்பிள் ஹாலோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. எண்ணூறு வீடுகள். பாதிக்கு மேல் இந்தியர்கள், அதில் நிறையத் தமிழர்கள், அத்தனை பேரும் ஏதோ ஓர் அரசாங்கக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள். அப்படிக் காத்திருந்த நாட்களைக் கிருபைராஜ் மறக்கவில்லை. குடியேற்றத் துறையிலிருந்து உறை வந்தால் கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் போட மாட்டார். மாடி ஏறிப் போய் அழைப்பு மணியை இரண்டு தடவை அழுத்துவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கையில் கொடுத்துவிட்டு, பிரித்துப் பார்க்கும்வரை நிற்காமல் இறங்கிவிடுவார்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் விஷயத்தில்தான் அது தொடங்கியது. ஆள் இல்லாத நாட்களில் கடிதங்களைத் தபால் நிலையத்திலேயே பிடித்து வைத்திருக்க ஒரு படிவம் உண்டு. முப்பது நாளுக்குத்தான் அது செல்லும். கோயம்புத்தூருக்கோ திருநெல்வேலிக்கோ போகிற குடும்பம் முப்பது நாளில் திரும்புமா? பெட்டி நிரம்பிவிட்டால் கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். குடியேற்றத் துறையின் கடிதம் திரும்பிப் போனால் மறுபடி வர ஒரு வருடம்கூட ஆகலாம். எனவே மேப்பிள் ஹாலோவில் ஒரு வழக்கம் உருவானது. படிவம் எதுக்கு, அங்கிள் இருக்காரே என்றார்கள். விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அந்த வீட்டுக் கடிதங்களைப் பெட்டியில் போடாமல் தனியே வைத்து, மாலையில் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவருவார். கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு, குடும்பத்தின் பெயரை எழுதி ஒட்டி, நீலப் பெட்டியில் வைப்பார். அவர்கள் திரும்பி வந்ததும் கட்டு அவர்கள் வாசலுக்குப் போகும்.

தபாலை ஊழியர் வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். ஒருமுறை ஞானமணி கேட்டார்.

"ஏங்க, ஒருநாள் எவனாவது கேட்டா என்ன சொல்லுவிய?"

"எவன் கேப்பான்? லெட்டர் போகலன்னாத்தான் கேப்பான். நம்மகிட்டருந்து ஒண்ணு போகாம இருந்துருக்கா?"

இருந்ததில்லை. 2020 மார்ச் வரை.

அந்த வருடம் பிப்ரவரியில், மேப்பிள் ஹாலோவில் இருந்த சபரிநாதன் என்பவன் மனைவி வான்மதியோடும் ஆறு வயது மகள் கயலோடும் கோவைக்குக் கிளம்பினான். தம்பி கல்யாணம். அஞ்சே வாரம் அங்கிள், என்றான். அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. வக்கீல் வைக்காமல் தானே எழுதிப் போட்டிருந்தான். மார்ச் இரண்டாவது வாரம் கூடுதல் ஆவணங்கள் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கிருபைராஜ் அதைச் சபரியின் கடிதக் கட்டுக்கு மேலே வைத்தார். அடுத்த வாரம் விமானங்கள் நின்றன. மாத முடிவில் கிருபைராஜுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்த அன்று மத்தியானம் அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி மனைவியைப் பார்த்துக் கையை அசைத்தார். முகமூடியை லேசாகத் தூக்கினார்.

"மணி. கராஜ்ல இருக்கது யாருக்கும் தெரியக்கூடாது. பேரு போயிரும்."

"சரி."

"யார் கேட்டாலும்."

"சரிங்க. பேசாம படுங்க."

ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஏப்ரல் நடுவில் அவர் இறந்தார். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. டெக்ஸாஸிலிருந்து மகள் ரெபெக்கா வரமுடியவில்லை, போனில் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சபரி கோவையிலிருந்து கூப்பிட்டான். முதலில் அழுதான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஆன்ட்டி, இந்த நேரத்துல கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. வெப்சைட்ல எங்களுக்கு ஒரு லெட்டர் அனுப்பிட்டதா காட்டுதுங்க. பன்னெண்டு வாரம் வரைக்கும் டைம் தருவாங்க, என்ன கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா இங்கிருந்தே அனுப்பிடலாம். அங்கிள் எங்க மெயில் எதாவது எடுத்து வெச்சிருந்தாங்களா?"

யார் கேட்டாலும் என்று அவர் சொன்னது ஞானமணியின் காதில் அப்போதும் இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லியே தம்பி," என்றார்.

"ஒருவாட்டி பாத்துச் சொல்றீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

அவர் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தார். நான்கு கட்டுகள் இருந்தன. அதில் மூன்று, ஊரிலிருந்து ஏற்கனவே திரும்பி வந்துவிட்ட குடும்பங்களுடையவை. காலை நடைக்குப் போகிறவர்போல மேப்பிள் ஹாலோவுக்குப் போய், கதவு திறக்கும்முன் மூன்றையும் அந்தந்த வாசலில் வைத்துவிட்டு வந்தார். நான்காவது சபரியுடையது. உறையின் கண்ணாடிச் சன்னல் வழியே அவன் பெயர் தெரிந்தது. பதில் தரவேண்டிய கெடு முடிய இன்னும் நாள் இருந்தது.

அந்த வாரம் மூன்று தடவை போனைக் கையில் எடுத்தார். கிடைத்துவிட்டது தம்பி என்று சொல்லலாம். எங்கே இருந்தது என்று அவன் கேட்பான். எல்லாம் பார்த்ததாகச் சொன்னீர்களே என்றும் கேட்பான். முதல் நாள் சொல்லக் கடினமாக இருந்தது, மறுநாள் இன்னும் கடினமாக இருந்தது. ஒரு வாரம் போனபின் அந்தக் கட்டை நீலப் பெட்டியின் அடியில் வைத்து மூடி, மேலே நட்சத்திரங்களையும் வண்ண விளக்குச் சரத்தையும் போட்டார். வாக்குக் கொடுத்ததால்தான் அப்படிச் செய்தார் என்று சொல்ல இடமிருக்கிறது. வெறும் பயம் என்று சொல்லவும் இடமிருக்கிறது. இரண்டில் எது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சபரி நகல் கேட்டு எழுதினான். பதில் வருவதற்குள் கெடு கடந்தது. பதில் தராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. கம்பெனி காத்திருக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவே இல்லை. மேப்பிள் ஹாலோவில் அவர்கள் வீட்டுச் சாமான்களை நண்பர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கயலின் மூன்று சக்கர சைக்கிள் வெகுநாள் குப்பைத் தொட்டி அருகே நின்றது. ஞானமணி அந்தப் பக்கம் நடப்பதை விட்டார்.

2023 இலையுதிர் காலத்தில் சேனாபதி வந்தார். பிளெய்ன்ஸ்பரோவில் இருப்பவர், பொள்ளாச்சிக்காரர், தமிழ்ச் சங்கத் தலைவர். ஒரு காரியத்தைப் பிடித்தால் அது முடியும்வரை மற்றவர்களைத் தூங்க விடாத மனிதர்.

"அக்கா, ஒரு நல்ல சேதிங்க. நம்ம ஹாலோவே கிராசிங் போஸ்ட் ஆபீசுக்கு அண்ணன் பேர வெக்கப் போறம்."

"யாரு வைக்கப் போறா?"

"காங்கிரஸ்லீங்க. அதுக்குன்னே ஒரு சட்டம் போடணும். நம்ம மெம்பர் சரின்னுட்டார். கோவிட்ல வேலை பாத்துட்டே போனவரு, அந்தக் கட்டடத்துல பதினாலு வருசம். இதுக்கு மேல என்னங் வேணும்?"

"எதுக்கு அதெல்லாம்? வேண்டாம்."

"நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்க. உங்களுக்கு விளம்பரம் புடிக்காதுன்னு ஊருக்கே தெரியும்," என்று சிரித்தார் சேனாபதி. "குடும்பத்துல ஒரு கையெழுத்து மட்டும் வேணுங்க்கா. அவ்வளவுதான்."

மறுப்பதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ரெபெக்கா டெக்ஸாஸிலிருந்து கூப்பிட்டு, அப்பா பெயரை அவள் பிள்ளைகள் படிக்க வேண்டாமா என்று கேட்டாள். இரண்டு வாரம் கழித்து ஞானமணி கையெழுத்துப் போட்டார்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போடும் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு வாக்கியம்தான். இன்ன விலாசத்தில் உள்ள கட்டடம் இன்னாருடைய பெயரால் அறியப்படும் என்று சொல்லும். அதற்கு மாநிலத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். குழு, கீழவை, மேலவை, கடைசியில் ஜனாதிபதி. அத்தனைக்கும் பிறகு வெளிப் பலகை மாறாது. விலாசமும் மாறாது. உள்ளே சுவரில் ஒரு சிறிய உலோகத் தகடு வரும். தபால்தலை வாங்க வருபவர்கள் வரிசையில் நிற்கும்போது அதைப் படிக்கலாம்.

ஜனவரியில் உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து அதிதி என்ற பெண் வந்தாள். நியூ ஜெர்சியிலேயே, பிஸ்கட்டவேயில் பிறந்தவள். சேனாபதியும் கூட வந்தார். அதிதி சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இது ஸ்டாண்டர்ட் கொஸ்டின், எல்லார்கிட்டயும் கேக்கணும். அங்கிள் பத்தி பின்னாடி ஏதாவது வெளிய வந்தா, எம்பரஸிங்கா இருக்கற மாதிரி, எனிதிங்?"

"இல்லம்மா."

"வேலையில? கம்ப்ளைன்ட் ஏதாவது?"

"அவிய மேல ஒரு கம்ப்ளைன்ட் வந்தது கிடையாது."

அது உண்மை. அதிதி தட்டச்சு செய்துகொண்டாள். பிறகு சேனாபதி தந்திருந்த பாராட்டுக் கடிதங்களின் கோப்பைத் திறந்தாள். நாற்பத்து மூன்று கடிதங்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும். நான்கைந்தை வாசித்தவள் நிமிர்ந்து சேனாபதியைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல நிறையப் பேர் ஒரே விஷயம் எழுதியிருக்காங்க. நாங்க இந்தியா போனப்ப அங்கிள் எங்க மெயிலை அவர் வீட்டுல வெச்சிருந்தார்னு."

"ஆமாங்க பாப்பா. அதுதான அவரோட பெருமையே."

"இத யாரும் பாக்கறதுக்கு முன்னாடி எடுத்துருங்க. போஸ்ட்மேன் மெயிலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது ஃபெடரல் க்ரைம்."

சேனாபதி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உதவி பண்ணுனாக்கூடவா?"

"உதவின்னு லா-ல எங்கயும் இல்ல, அங்கிள்." அவள் ஞானமணியின் பக்கம் திரும்பினாள். குரலில் சந்தேகம் இல்லை, வெறும் முறைமைதான். "அப்படி ஏதாவது இப்பவும் வீட்டுல இருக்கா ஆன்ட்டி?"

"ஒண்ணும் இல்ல," என்றார் ஞானமணி. அதே இரண்டு சொற்கள். இந்தத் தடவை அவர் எங்கே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்து சொன்னார்.

ஆங்கிலக் கடிதங்கள் திருத்தப்பட்டன. எல்லாவற்றிலும் கிருபைராஜ் அர்ப்பணிப்புடன் சேவை செய்தவர் ஆனார். அவர் செய்தது என்ன என்பது எதிலும் இல்லை. தமிழ்க் கடிதங்களைச் சேனாபதி தூக்கிப் போடவில்லை. சங்கம் எதைச் செய்தாலும் சிறப்பு மலர் வெளியிடும். திறப்பு விழாவுக்கும் ஒரு மலர் போடுவது என்று முடிவாகியிருந்தது.

"மலர் தமிழ்லதானுங்க வருது," என்றார் அவர், அதிதி போனபிறகு. "தமிழ்ல இருக்கறத எந்த இன்ஸ்பெக்டர் படிச்சுக் கிழிக்கப் போறான்?"

அந்த ஆண்டு செப்டம்பரில் மசோதா கீழவையில் நிறைவேறியது. வேறு பதினொரு தபால் நிலையங்களோடு சேர்த்து, விவாதம் இல்லாமல், குரல் வாக்கில். சேனாபதி அந்தக் காணொளியை அனுப்பினார். காலியான மண்டபத்தில் ஒருவர் 'கிருபைராஜ்' என்பதை நான்கு துண்டாக உடைத்துச் சொன்னார். ஞானமணி அதை ஒருமுறை பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேனாபதி சொல்லாமல் வந்து நின்றார். விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கிருபைராஜின் தோள்பையும் தொப்பியும் வேண்டுமாம்.

"பை கராஜ்ல கெடக்கு. நான் எடுத்துட்டு வாரேன்."

"நீங்க எதுக்குங்க்கா தூக்கிட்டு? நான் பாத்துக்கறேன்."

சேனாபதி முன்னால் போய் விளக்கைப் போட்டார். பை மேல்தட்டில் இருந்தது. தட்டு எட்டவில்லை. ஏணியைத் தேடிச் சுற்றிப் பார்த்தவர், நீலப் பெட்டியைக் காலால் இழுத்து அதன்மேல் ஏறப்போனார். மூடி சற்று விலகியது.

"அதுல ஏறாதிய."

ஞானமணியின் குரல் அப்படி உயர்ந்து சேனாபதி கேட்டதில்லை.

"என்னங்க்கா?"

"கிறிஸ்துமஸ் ஸ்டாரு. நொறுங்கிரும்."

"ஓ." சேனாபதி குனிந்து மூடியைத் தூக்கினார். மடக்கி வைத்த சிவப்பு நட்சத்திரம் ஒன்று மேலே தெரிந்தது. "இதுக்கா இந்தச் சத்தம்? அண்ணன் போனப்புறம் நீங்க ஸ்டார் கட்டி நான் பாக்கவே இல்லையே. இந்த வருசம் நான் வந்து கட்டி உடறேன்." மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.

ஞானமணி ஏணியைக் கொண்டுவந்தார். சேனாபதி பையோடு போனபிறகு நீலப் பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, கராஜ் கதவை இறக்கினார்.

வருட முடிவில் சட்டம் கையெழுத்தானது. 2025 ஜூனில் விழா என்று நாள் குறித்தார்கள். மே மாதம் சேனாபதி மலரின் மாதிரிப் பிரதியோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, பெரிய ஆள் ஒருத்தர் விழாவுக்கு வர்றாருங்க. சபரிநாதன். மேப்பிள் ஹாலோல இருந்தானே, ஞாபகம் இருக்குங்களா? ஆபீஸ் வேலையா வர்றானாம். எங்க வீட்டுலதான் தங்கறான். அவன் எழுதுன கடிதத்தப் படிங்க, கண்ணுல தண்ணி வந்துரும்."

பக்கத்தைத் திறந்து அவரே உரக்கப் படித்தார். சபரி எழுதியிருந்தான்: எங்களுக்கு வரவேண்டிய ஒரு கடிதம் வராமல் போனதால் எங்கள் வாழ்க்கை வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. வக்கீல் வைக்காமல் விட்டது என் பிழை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். அவளுடைய வேலையும் அதோடு போனது, சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை மறக்க மாட்டேன். கணவரை அடக்கம் செய்து மூன்றே வாரமான நிலையில், நான் கேட்டேன் என்பதற்காக வீடு முழுக்கத் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று சொன்னார் ஞானமணி ஆன்ட்டி. அப்படிப்பட்ட மனிதர்கள் அவர்கள்.

சேனாபதி நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எதிர்ப் பக்கத்துல நஞ்சுண்டன் கடிதமுங்க. அதையும் கேளுங்க."

நஞ்சுண்டன் மேப்பிள் ஹாலோவில் இன்னும் இருப்பவர், ஓசூர்க்காரர். அவர் எழுதியிருந்தது சிறியது. கிருபைராஜ் அண்ணன் இறந்து ஒரு மாதம் கழித்து, மே மாதம் ஒரு காலையில் கதவைத் திறந்தால், நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது வந்த கடிதங்கள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வாசலில் இருந்தன. எங்களுக்கு மட்டும் இல்லை, இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அன்று காலை அப்படியே வந்திருந்தன. அவரே வந்து கொடுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"உடம்பு சிலுக்குதுங்களா?" என்றார் சேனாபதி.

ஞானமணி மாதிரிப் பிரதியை வாங்கித் தன்முன் விரித்து வைத்தார். இடப்பக்கம் சபரி, வலப்பக்கம் நஞ்சுண்டன். ஒன்றில் மே மாதத் தொடக்கத்தில் எதுவும் இல்லை. மற்றதில் அதே மாதம் மூன்று வாசல்களில் கட்டுகள். யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் போகலாம். சபரி படிப்பான்.

"அந்தப் பொண்ணு அதிதி வேண்டாம்னு சொன்னத நெனச்சு யோசிக்கறீங்களா? நஞ்சுண்டன் கடிதம் கொஞ்சம் வில்லங்கந்தானுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, எடுத்துப் போடறேன். நாளைக்குத்தான் அச்சுக்குப் போவுது. அந்த எடத்துல ஒரு விளம்பரம் போட்டுக்கலாம்."

ஞானமணி சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். சேனாபதி பேனாவைத் திறந்து பக்கத்தின் ஓரத்தில் வைத்துக் காத்திருந்தார். சமையலறையில் குளிர்ப்பெட்டி உறுமி நின்றது.

"இருக்கட்டும்," என்றார் ஞானமணி.

"எடுத்துரட்டுங்களா?"

"எடுக்க வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

விழா அன்று வெயில். தபால் வண்டிகளை ஒதுக்கிவிட்டு வாகன நிறுத்தத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உறுப்பினர் பேசினார். தபால் நிலைய அதிகாரி பேசினார். தகட்டின் மேலிருந்த துணியை ஞானமணி இழுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். தகட்டில் பெயரின் எழுத்துகள் சரியாக இருந்தன.

சபரி நரைத்திருந்தான். முன்வரிசைக்கு வந்து குனிந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?"

"இருக்கேன் தம்பி. வான்மதி? கயலு?"

"கயலுக்குப் பள்ளிக்கூடம் தொறந்தாச்சுங்க. வான்மதி..." அவன் சிரித்தான். "அவ வரலைன்னுட்டா. இந்த ஊர் பேரச் சொன்னாலே ரெண்டு நாள் பேச மாட்டா. நான்தான் எப்பவாவது வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்குவேன்."

தன் முறை வந்து எல்லோர் முன்னும் பேசும்போது, அவன் தன் கடிதத்தில் எழுதியதையே சொன்னான். வீடு முழுக்கத் தேடினார் என்று அவன் சொன்ன இடத்தில் பல தலைகள் ஞானமணியின் பக்கம் திரும்பின. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலில் எல்லோருக்கும் மலர் கொடுத்தார்கள். சபரி ஒன்றை வாங்கி, புரட்டாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞானமணி சர்ச்சுக்குப் போகவில்லை. கராஜுக்குப் போய் நட்சத்திரங்களை வெளியே எடுத்து வைத்தார். பத்து மணிக்குப் பிளெய்ன்ஸ்பரோவில் சேனாபதி வீட்டுமுன் காரை நிறுத்தினார். சேனாபதியும் அவர் மனைவி சாந்தியும் வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார்கள்.

அழைப்பு மணியை இரண்டு தடவை அழுத்தினார்.

கதவைத் திறந்தது சபரி. அவனுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் மலர் கிடந்தது. திறந்து கிடந்ததா, மூடிக் கிடந்ததா என்று வாசலிலிருந்து தெரியவில்லை. அவன் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானமணி கடிதக் கட்டை நீட்டினார். அவன் வாங்கியதும் காய்ந்துபோயிருந்த ரப்பர் பேண்டு அறுந்து கீழே விழுந்தது. மேலே இருந்த உறையில் அவன் பெயர். முத்திரையில் 2020 மார்ச்.

"அஞ்சு வாரம்னு சொன்னிய தம்பி," என்றார். "பிந்திட்டு."

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரிக்கப்படவில்லை. ஐந்து வருடமாக உள்ளே இருந்த தாளின் ஓரம் சன்னலில் மஞ்சளாகத் தெரிந்தது.

"நான் போன் பண்ணுனப்ப இது..."

"இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அன்னைக்குத் தெரியாது. பத்து நாள்ல தெரியும். அப்பவும் நாள் இருந்துச்சு."

தெருவில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினார்கள்.

"நேத்து அத்தனை பேர் முன்னாடி நான் உங்களைப் பத்திப் பேசினேன் ஆன்ட்டி. நீங்க உக்காந்து கேட்டீங்க. அதுக்கு முன்னாடி இதக் குடுத்திருந்தா அந்தத் தகடே வந்திருக்காது. குடுக்காமயே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." அவன் குரல் உயரவில்லை. "ரெண்டும் இல்லாம, ஏன் இன்னைக்கு?"

ஞானமணி குனிந்து, கீழே கிடந்த ரப்பர் பேண்டின் இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டார். படி இறங்கிக் காருக்குப் போனார்.

அந்தக் கேள்வியைப் பிறகு சேனாபதி கேட்டார். அடுத்த மாதம் உறுப்பினரின் அலுவலகத்துக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் வந்தபோது அதிதி கேட்டாள். ரெபெக்கா இருமுறை கேட்டாள். ஞானமணி அவர்கள் ஒவ்வொருவரிடமும் நடந்ததை முழுவதும் சொன்னார், தேதி முதற்கொண்டு. ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.